கடனும் இருக்கு, காரும் பழசாயிடுச்சு: மாத்தலாமா வேணாமா, எப்படி முடிவு பண்றது

மெக்கானிக் போன் பண்ணி ரிப்பேருக்கு இவ்ளோ ஆகும்னு சொல்ற அன்னிக்கு மட்டும் எந்த முடிவும் எடுக்காதீங்க, இதான் முதல் வேலை. நான் அந்த தப்ப கிட்டத்தட்ட பண்ணிட்டேன். என் கார் கிளட்ச் போயிடுச்சு, மெக்கானிக் சொன்ன தொகைய கேட்டு தலை சுத்தி, அன்னிக்கு சாயந்தரமே ஒரு ஷோரூம்ல போய் புது வண்டி சீட்ல உக்காந்திருந்தேன், பக்கத்துல ஒரு தம்பி "மாசம் இவ்ளோதான் சார், தெரியவே தெரியாது"ன்னு சொல்லிட்டு இருந்தாரு, கிரெடிட் கார்டு கடன் ஒரு பக்கம் கழுத்த நெரிக்குது, நான் கலர் பாத்துட்டு இருக்கேன். சம்பள சிலிப் கையில இல்லாததால மட்டும்தான் அன்னிக்கு கையெழுத்து போடாம வந்தேன். வீட்டுக்கு வந்து பேப்பர்ல கணக்கு போட்டப்பதான் வயித்த கலக்குச்சு. அந்த கணக்கத்தான் இங்க எழுதுறேன்.

எல்லாரும் காருக்கு எத்தனை வயசு, எத்தனை கிலோமீட்டர் ஓடிருக்குன்னுதான் முதல்ல பாக்குறாங்க. நான் சொல்றது, பானெட்ட திறக்குறதுக்கு முன்னாடி கடன் ஸ்டேட்மென்ட்ட திறங்க. உங்க கடனோட வட்டி எத்தனை சதவீதம்ங்கறதுதான் பாதி பதில சொல்லிடும்.

ஒரு உதாரணம். எந்த நாட்டு காசா வேணா வச்சுக்கங்க. கார்டு கடன் 3,00,000, மாச வட்டி 3 சதவீதம், நீங்க மாசம் 15,000 கட்டிட்டு வரீங்க. இப்படியே போனா 31 மாசத்துல கடன் முடியும், மொத்தம் 4,65,000 கிட்ட கட்டிருப்பீங்க. இப்ப கார்ல 40,000-க்கு ஒரு ரிப்பேர் வருது, கையில காசு இல்ல, அதையும் அதே கார்டுலயே தேய்க்குறீங்க. ரொம்ப மோசமான வழி, சரிதான், ஆனா அப்பவும் 39 மாசத்துல கடன் முடிஞ்சிடும். 8 மாசம் லேட்.

அதுக்கு பதிலா கார மாத்துறீங்க. 5 வருஷ லோன், இஎம்ஐ 5,000 (10 சதவீத வட்டின்னா இந்த இஎம்ஐக்கு 2,35,000 கிட்டதான் லோன் கிடைக்கும், அதாவது புது வண்டி கூட இல்ல, சுமாரான செகண்ட் ஹேண்ட்). அந்த 5,000 வானத்துல இருந்து வராது, கார்டுக்கு கட்டுற 15,000-ல இருந்துதான் போகும். இப்ப கார்டுக்கு மாசம் 10,000. அதுல 9,000 முதல் மாச வட்டிக்கே போயிடுது, அசல்ல கழியுறது ஆயிரம்தான். 5 வருஷம் விடாம 6,00,000 கட்டி முடிச்சப்புறமும் 1,37,000 பாக்கி நிக்கும். கார் லோன் முடிஞ்சதும் மறுபடி 15,000-க்கு ஏத்தினாலும் மொத்தம் 71 மாசம். ரிப்பேர் பண்ணா 8 மாசம் லேட், மாத்துனா 40 மாசம் லேட். நான் இத மூணு தடவ போட்டு பாத்தேன், எங்கயோ தப்பு பண்றோம்னு நினைச்சு.

அதே 40,000 ரிப்பேர் வருஷா வருஷம் வருது, அத 12 மாசத்துக்கு பிரிச்சு அந்த 15,000-ல இருந்தே எடுக்குறோம்னு வச்சுக்கங்க, அப்பவும் 50 மாசத்துல கடன் முடிஞ்சிடுது. புது காருக்கு கடைசியில ஒரு மதிப்பு மிச்சம் இருக்கும், பழசுக்கு இருக்காது, அது நியாயமான பேச்சுதான், ஆனா கார்டு கடன் தின்னுற வேகத்துல அந்த மிச்சம் தாக்கு பிடிக்காது.

இப்ப இதே கணக்க வருஷத்துக்கு 9 சதவீத வட்டியில இருக்குற கடனுக்கு போடுங்க, படிப்பு லோன் மாதிரி ஏதோ ஒண்ணு. 15,000 கட்டுனா 22 மாசம், 10,000 கட்டுனா 35 மாசம். மொத்தமா கட்டுறது 3,26,000-ல இருந்து 3,41,000 ஆகுது, அவ்ளோதான் வித்தியாசம். இங்க கார் உண்மையிலயே தொல்லை பண்ணுதுன்னா மாத்துறதுல பெரிய பாவம் ஒண்ணும் இல்ல. அதான் சொன்னேன், ரெண்டு பேருக்கும் ஒரே வயசு கார், ஒரே ரிப்பேர், ஒரே அளவு கடன் இருந்தாலும் பதில் வேற வேற. வட்டி அதிகமா உள்ள கடன் இருக்குற வரைக்கும் பழைய கார இழுத்து ஓட்டுறதுதான் கிட்டத்தட்ட எப்பவும் ஜெயிக்கும், அந்த கடன் முடிஞ்சு குறைஞ்ச வட்டி கடன் மட்டும் மிச்சம் இருக்குன்னா அப்ப கார் பக்கம் திரும்பி பாக்கலாம்.

அடுத்தது ரிப்பேர் கணக்கு. "வண்டிக்கு செலவு பண்ணியே அழிஞ்சேன்"னு எல்லாரும் சொல்வோம், எவ்ளோன்னு கேட்டா தெரியாது. கடந்த 24 மாச பில்ல எல்லாம் எடுங்க, பில் இல்லன்னா பேங்க் மெசேஜ், யுபிஐ மாதிரி ஆப் ஹிஸ்டரி, எதுலயாவது இருக்கும். ஒரு நோட்டுல ரெண்டு பத்தியா எழுதுங்க. ஒரு பக்கம் டயர், பேட்டரி, பிரேக் பேட், ஆயில், வைப்பர், அதாவது எந்த காரா இருந்தாலும் தேயுற ஐட்டம். புது கார் வாங்குனாலும் இது கொஞ்ச நாள்ல வரத்தான் போகுது, அதனால பழைய காரோட குத்தத்துல இத சேக்காதீங்க. இன்னொரு பக்கம் கிளட்ச், ரேடியேட்டர், ஆல்டர்னேட்டர், சஸ்பென்ஷன், ஏசி கம்ப்ரசர் மாதிரி வயசானதால வந்தது. இந்த ரெண்டாவது பத்திய கூட்டி 24-ஆல வகுத்தா, அதான் உங்க கார் பழசா இருக்குறதுக்கு மாசாமாசம் நீங்க கட்டுற வரி. எனக்கு வந்த தொகை ஷோரூம்ல சொன்ன இஎம்ஐல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. மனசுல இருந்த தொகையோ அதுல நாலு மடங்கு.

வரிசைய பாத்தா இன்னொண்ணும் தெரியும். ஒரே பார்ட் திரும்ப திரும்ப வருதா, இல்ல வேற வேறயா? ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், கிளட்ச்னு ஒவ்வொண்ணா போய் ஒவ்வொண்ணா மாத்தியாச்சுன்னா அது கெட்ட செய்தி இல்ல, அந்த பார்ட்டெல்லாம் இப்ப புதுசு. ஆறு மாசத்துல மூணு தடவ ஓவர் ஹீட் ஆகி மூணு தடவயும் வேற வேற காரணம் சொன்னாங்கன்னா, அங்கதான் சந்தேகப்படணும், வண்டி மேலயும் மெக்கானிக் மேலயும்.

"ரிப்பேர் செலவு வண்டி விலையில பாதிய தாண்டுனா மாத்திடு"ன்னு ஒரு ரூல் சுத்திட்டு இருக்கு. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல. பழைய கார வித்தா என்ன கிடைக்கும்ங்கறது விக்கிறவனுக்குத்தான் முக்கியம், ஓட்டுறவனுக்கு இல்ல. இந்த ரிப்பேர பண்ணா அடுத்த ஒரு வருஷம் ஓட என்ன செலவு, மாத்துனா அதே ஒரு வருஷத்துக்கு இஎம்ஐ, கூடுதல் இன்சூரன்ஸ், ரெஜிஸ்ட்ரேஷன் எல்லாம் சேத்து என்ன செலவு, இத ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. இன்சூரன்ஸ மறந்துடாதீங்க, லோன்ல வாங்குன காருக்கு ஃபுல் கவர் போட சொல்லி லோன் குடுக்குறவங்களே கட்டாயப்படுத்துவாங்க, பழைய சொந்த காருக்கு சட்டப்படி வேணுங்கற தேர்ட் பார்ட்டி மட்டும் போட்டு நிறைய பேரு ஓட்டிட்டு இருக்காங்க. ஏற்கனவே செலவு பண்ணத கணக்குல கொண்டு வராதீங்க. "போன மாசம்தான் நாலு டயரும் போட்டேன்"ங்கறது வைக்கிறதுக்கும் காரணம் இல்ல, "இவ்ளோ கொட்டியாச்சே"ங்கறது விக்கிறதுக்கும் காரணம் இல்ல.

மைலேஜ் மிச்சம்னு ஒரு சாக்கு இருக்கு, நானும் சொல்லிருக்கேன். மாசம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுறீங்க, பழசு லிட்டருக்கு 12, புதுசு 18. 83 லிட்டர் 56 ஆகுது, மிச்சம் மாசம் 27, 28 லிட்டர். அந்த 28 லிட்டர் விலைய இஎம்ஐ பக்கத்துல வச்சு பாருங்க, பேச்சு அங்கயே முடிஞ்சிடும். டாக்ஸி ஓட்டி மாசம் 5,000 கிலோமீட்டர் போறவங்களுக்கு வேற கதை.

சரி, இப்ப பானெட்ட திறக்கலாம். கார் இன்னும் ரெண்டு வருஷம் தாங்குமா இல்ல செத்துட்டு இருக்கான்னு நாமளே ஓரளவு பாக்கலாம். எது வந்தா நிறுத்தணும்ங்கறது ரொம்ப சின்ன லிஸ்ட்தான்: எஞ்சின் உள்ள, கியர் பாக்ஸ் உள்ள, அடி சட்டத்துல துரு. மத்ததெல்லாம் எரிச்சல்தான், மரணம் இல்ல.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ஆயில் ஊத்துற மூடிய கழட்டி உள்பக்கம் பாருங்க. சாதாரணமா கறுப்பா எண்ணெய் பிசுபிசுப்புதான் இருக்கும். அதுக்கு பதிலா வெளுத்த நிறத்துல கொழகொழன்னு கிரீம் மாதிரி ஒட்டிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கு. உடனே பதற வேணாம், குளிர் நாள்ல தினம் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டி நிறுத்துற வண்டிலயும் ஈரம் சேந்து மூடியில இப்படி வரும். அதோட கூலன்ட்டும் (எஞ்சின ஆற வைக்குற தண்ணி) எங்கயும் ஒழுகாமலே குறைஞ்சுட்டு வந்தா, சைலன்சர்ல வெள்ளை புகை வண்டி சூடானப்புறமும் நிக்கலன்னா, அப்ப ஹெட் கேஸ்கெட் (எஞ்சினோட மேல் பகுதிக்கும் கீழ் பகுதிக்கும் நடுவுல இருக்குற சீல்) போயிடுச்சுன்னு சந்தேகப்படலாம், அது பெரிய செலவு. காலைல ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் வர வெள்ளை புகை வெறும் ஆவி. நீல புகைன்னா ஆயில் எரியுது. கறுப்புன்னா பெட்ரோலோ டீசலோ அதிகமா போகுது, பெரும்பாலும் சென்சார், ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் மாதிரி சரி பண்ணக்கூடிய சமாச்சாரம். சந்தேகம் இருந்தா கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ண சொல்லுங்க, எஞ்சின பிரிக்காமலே ஒவ்வொரு சிலிண்டரா அழுத்தம் பாத்து சொல்லிடுவாங்க.

செக் எஞ்சின் லைட்ட பாத்து வண்டிய வித்தவங்கள எனக்கு தெரியும். வண்டி கம்ப்யூட்டர்ல பதிவான கோளாறு கோட படிக்குற ஓபிடி ஸ்கேனர் கையளவு சாதனம், போன்ல ஆப் வழியாவே கோட் படிக்கலாம். பி0420-ன்னு வந்தா புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சரியா வேலை செய்யலன்னு அர்த்தம், உடனே புது கன்வெர்ட்டர் விலைய சொல்வாங்க, அது யானை விலை. ஆனா ஆக்சிஜன் சென்சார் கெட்டுப்போனாலும் எக்ஸாஸ்ட்ல லீக் இருந்தாலும் அதே கோட்தான் வரும். கோட்ங்கறது எங்க தேடணும்னு சொல்றது, எத மாத்தணும்னு சொல்றது இல்ல.

டைமிங் பெல்ட் (பிஸ்டனும் வால்வும் ஒத்து ஓட வைக்குற பட்டை) இருக்குற எஞ்சின்னா அத எப்ப மாத்துனாங்கன்னு கட்டாயம் தெரிஞ்சு வச்சுக்கங்க. நிறைய கம்பெனி 1,00,000-ல இருந்து 1,60,000 கிலோமீட்டருக்குள்ள மாத்த சொல்றாங்க, இல்லன்னா இத்தனை வருஷம்னு ஒரு கெடு, மேனுவல்ல இருக்கும். நிறைய எஞ்சின்ல ஓடும்போது பெல்ட் அறுந்தா பிஸ்டன் மேல வந்து வால்வுல இடிச்சு வளைச்சிடும், சின்ன செலவு எஞ்சின் செலவா மாறிடும். கடன்ல இருக்கும்போது தள்ளிப்போடவே கூடாத வேலை இது. அந்த பெல்ட்டாலயே வாட்டர் பம்ப்பும் சுத்துதுன்னா அதையும் அப்பவே மாத்திடுங்க, பிரிக்கிற கூலி ஒரு தடவ போதும்.

கியர் பாக்ஸ் ஆட்டோமேட்டிக்னா டி-ல போட்டதுக்கப்புறம் ரெண்டு மூணு நொடி யோசிச்சு உதறி கிளம்புதா பாருங்க, ஆயில் கருகின வாசனை வருதா பாருங்க. மேனுவல்னா, காலி ரோட்டுல மேல் கியர்ல மெதுவா போயிட்டு ஆக்ஸிலேட்டர நல்லா மிதிங்க, ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறலன்னா கிளட்ச் வழுக்குது. கிளட்ச் தனியா மாத்திக்கக்கூடிய பார்ட்தான், கியர் பாக்ஸ் சாகுறதோட அத போட்டு குழப்பிக்காதீங்க, நான் அன்னிக்கு குழப்பிக்கிட்டேன்.

துரு விஷயத்துல கதவு கீழ கொஞ்சம் அரிச்சிருக்குன்னா அது அசிங்கம், அவ்ளோதான். வண்டி லிஃப்ட்ல ஏறியிருக்கும்போது ஒரு ஸ்க்ரூ டிரைவர் பிடியால அடி சட்டம், சஸ்பென்ஷன் பொருந்துற இடம், கதவுக்கு கீழ ஓடுற ஓரம் எல்லாம் தட்டிட்டே வாங்க. டங்குன்னு கேட்டா இரும்பு இருக்கு. பொத்துன்னு கேட்டு பொடி கொட்டுச்சுன்னா அங்க இரும்பு இல்ல, பெயின்ட்தான் இருக்கு. அந்த வண்டிக்கு ஒரு காசு கூட செலவு பண்ணாதீங்க, இது ஒண்ணுல மட்டும் நான் கடன் கணக்கு எதுவும் பாக்க மாட்டேன்.

பிரேக், டயர், ஸ்டியரிங், ஏர்பேக்கும் அதே மாதிரிதான், இதுல மிச்சம் பிடிக்கிறதுன்னா வண்டிய நிறுத்திட்டு பஸ்ல போங்க. டயர் பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும், 2319-ன்னு இருந்தா 2019-ல 23-ஆவது வாரம் செஞ்சது. பட்டன் (ரோட்டுல படுற வரி) நல்லா இருந்தாலும் 10 வருஷத்த தாண்டுன டயர ஓட்டாதீங்க. பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்கு கீழ போகக்கூடாதுன்னு நிறைய நாட்டுல சட்டமே இருக்கு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், அதனால ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்துறது நல்லது. ஏர்பேக் ரீகால் (குறை இருக்குன்னு கம்பெனியே வண்டிய திரும்ப கூப்பிட்டு சரி பண்றது) ஏதாவது பாக்கி இருக்கான்னு 17 எழுத்து சேசிஸ் நம்பர கம்பெனி சைட்ல போட்டு பாருங்க. டகாட்டாங்கற ஜப்பான் கம்பெனியோட ஏர்பேக் பிரச்சனையில பழைய கார்தான் அதிகமா மாட்டுச்சு, உள்ள இருக்குற அமோனியம் நைட்ரேட் வருஷக்கணக்கா சூட்டுலயும் ஈரத்துலயும் கெட்டுப்போய் வெடிக்கும்போது இரும்பு துண்டு தெறிக்குது, உலகம் முழுக்க கோடிக்கணக்குல ஏர்பேக்க மாத்த வேண்டி வந்து அந்த கம்பெனி 2017-ல திவாலே ஆச்சு. ரீகால் வேலைக்கு பொதுவா காசு வாங்க மாட்டாங்க, ஆனா செகண்ட் ஹேண்ட் ஓனருக்கு லெட்டர் பல நேரம் வந்து சேராது, நாமதான் தேடணும்.

இதெல்லாம் பாத்துட்டு உங்க வழக்கமான மெக்கானிக்கிட்ட ஒரு கேள்வி கேளுங்க. "ரிப்பேர் பண்ணலாமா"ன்னு கேட்டா ஆமான்னுதான் சொல்வாரு, அது அவரு பொழப்பு. நான் கேட்டது, "அண்ணே, இது உங்க வண்டியா இருந்தா, உங்களுக்கும் என் அளவு கடன் இருந்தா, என்ன பண்ணுவீங்க?" மனுஷன் துணியில கைய தொடச்சுட்டே கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "கிளட்ச போட்டு ஓட்டுவேன் தம்பி. ஏசிய தொட மாட்டேன். பெல்ட்ட மட்டும் தள்ளி போடாத." அந்த மூணு வரிக்கு நான் அவருக்கு தனியா காசு குடுத்திருக்கணும்.

மாத்தியே ஆகணும்னு முடிவு வந்தாலும் நேரா ஷோரூம் போகாதீங்க. மூணு மாசம் பொய் இஎம்ஐ கட்டுங்க. எந்த காருக்கு எவ்ளோ இஎம்ஐயோ அத சம்பளம் வந்த அன்னிக்கே தனி அக்கவுன்ட்ல போடுங்க, கடனுக்கு இப்ப கட்டுறத குறைக்காம. மூணு மாசமும் அத தொடாம இருக்க முடிஞ்சா உங்களால அந்த கார தாங்க முடியும். ரெண்டாவது மாசமே எடுத்து செலவு பண்ணிட்டீங்கன்னா பதில் வந்துடுச்சு, அதுவும் வட்டி கட்டாமலே. தொடாம வச்ச காசு எப்படியும் உங்ககிட்டயே இருக்கு, டவுன் பேமென்ட்டுக்கும் ஆகும், கார்டு கடன்லயும் தள்ளலாம். நான் மூணாவது மாசம் அத கார்டுல தள்ளிட்டேன்.

வாங்கும்போது "மாசம் எவ்ளோ"ங்கற பேச்ச நீங்க ஆரம்பிக்காதீங்க, மாச தொகைய எவ்ளோ வேணா சின்னதாக்கலாம், வருஷத்த இழுத்தா போதும். 1,00,000 லோனுக்கு 10 சதவீதத்துல 5 வருஷம்னா மாசம் 2,125. 7 வருஷம்னா 1,660, கேக்க நல்லா இருக்கு. ஆனா மொத்தமா 12,000 கூட கட்டுறீங்க, அதை விட முக்கியம், மூணு வருஷம் கழிச்சு முதல் லோன்ல பாக்கி 46,000, ரெண்டாவதுல 65,000. கார் விலை அதுக்குள்ள அந்த பாக்கிக்கும் கீழ இறங்கிட்டா, விக்கணும்னா கூட கையில இருந்து காசு போட்டுத்தான் விக்க முடியும். அந்த நேரத்துல ஒருத்தன் வந்து "பழைய லோன் பாக்கிய புது லோன்லயே சேத்துக்கலாம் சார்"னு சொல்வான், அவன் கிட்ட இருந்து ஓடிடுங்க. ஃப்ளாட் ரேட்னு (பாக்கி குறைஞ்சாலும் முதல்ல வாங்குன முழு தொகைக்கே வட்டி போடுறது) சொன்னாலும் உஷார், 5 வருஷத்துக்கு ஃப்ளாட் 10 சதவீதம்ங்கறது குறையுற பாக்கி கணக்குல 17 சதவீதத்துக்கு மேல.

இன்னொரு வழி இருக்கு, பெருமைக்கு இடிக்கும்: இருக்குற கார வித்து, வந்த காசுக்குள்ளயே இன்னும் சின்ன, சிம்பிளான ஒரு பழைய கார், லோன் இல்லாம. உங்க கார் விலை போற மாடலா இருந்து, பெரிய ரிப்பேர் வாசல்ல நிக்குதுன்னா இது நல்ல கணக்கு. வாங்குற வண்டிய விக்கிறவருக்கு சம்பந்தமில்லாத மெக்கானிக்கிட்ட காட்டுங்க, மேல சொன்ன மூடி, ஸ்க்ரூ டிரைவர், ஸ்கேனர் எல்லாம் அங்கயும் பண்ணுங்க. ஸ்கேனர்ல கோட் ஒண்ணுமே இல்லாம, வண்டி தானா பண்ணிக்கிற உள் செக்கெல்லாம் இன்னும் முடியலன்னு காட்டுனா யாரோ கொஞ்சம் முன்னாடிதான் கோட அழிச்சிருக்கலாம்.

கடைசியா, எது வந்தா வண்டிய விடணும்ங்கற எல்லைக்கோட்ட முன்னாடியே எழுதி வைங்க, வண்டி ரோட்டுல நிக்கும்போது எழுதாதீங்க, அப்ப கோவம்தான் எழுதும். என் ரிப்பேர் நோட்டு பின் அட்டையில இருக்குறது இதான்: கியர் பாக்ஸோ எஞ்சினோ பிரிக்கணும்னா நிறுத்து, அடி சட்டத்துல துரு வந்தா நிறுத்து, வண்டியால ஒரு வருஷத்துல நாலு நாள் வேலைக்கு போக முடியாம போனா நிறுத்து, 12 மாச ரிப்பேர் 12 மாச இஎம்ஐய தாண்டுனா நிறுத்து. கார்டு கடன் முடிஞ்ச அன்னிக்கு இந்த லிஸ்ட்ட அடிச்சிட்டு புதுசா எழுதணும்னு பக்கத்துல தேதி போட்டு வச்சிருக்கேன், இன்னும் 11 மாசம். நோட்டுல கடைசி வரி போன வாரம் எழுதுனது: வைப்பர் பிளேடு ரெண்டு, நானே மாட்டுனது, கூலி இல்ல.